பீரோவில் இருக்கும் பங்குச் சான்றிதழும் பங்குப் பதிவாளரும்

1949-இல் தாழையூத்து சங்கர் நகரில் ஆலையைத் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தோன்றி 2022-இல் பங்குச் சந்தைக்கு வந்த தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி போன்ற நிறுவனங்களின் பழைய பங்குச் சான்றிதழ்களை, நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் நெல்லைச் சீமையில் உண்டு. பத்திரம் கையில் இருந்தாலும் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதைப் போல, பங்கிலும் நிறுவனத்தின் உறுப்பினர் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அந்தப் பதிவேட்டை நிறுவனத்தின் சார்பில் பராமரிப்பவரே பங்குப் பதிவாளர். சென்னையின் கேமியோ, ஹைதராபாத்தின் கேஃபின் டெக்னாலஜிஸ் ஆகியவை அத்தகையவை. நாம் பங்கு வாங்கும் தரகர் வேறு, பதிவாளர் வேறு.

சான்றிதழில் அச்சிட்டிருக்கும் பதிவாளர் இடையில் மாறியிருக்கக்கூடும் என்பதால், நிறுவனத்தின் அண்மை ஆண்டறிக்கையில் இப்போதைய பதிவாளரைத் தெரிந்துகொண்டு, சான்றிதழில் உள்ள ஃபோலியோ எண்ணை (பதிவேட்டில் பங்குதாரரின் கணக்கு எண்) குறிப்பிட்டு எழுதுங்கள். பான், முகவரி, வங்கிக் கணக்கு விவரங்களுக்கு ஐ.எஸ்.ஆர்-1, வங்கி மேலாளர் சான்றளிக்கும் கையெழுத்துக்கு ஐ.எஸ்.ஆர்-2, நாமினிக்கு எஸ்.ஹெச்-13 ஆகிய படிவங்களைப் பதிவாளரின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில்தான். சான்றிதழில் இனிஷியலோடும் சாதிப் பட்டத்தோடும் இருக்கும் பெயர், பான் அட்டையில் பட்டம் நீங்கி, இனிஷியல் தகப்பனார் பெயராக விரிந்து, ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறி நிற்கும். இதற்காக மனம் தளர வேண்டாம். சிறிய வேறுபாடு என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை விளக்கும் அடையாள ஆவணத்தின் நகலில் தாமே கையெழுத்திட்டு இணைத்தால் பதிவாளர் ஏற்பார். அனுப்பும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொண்டு, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்குகளை விற்று மாற்ற வழியில்லை. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்குக்கு மாற்றிய பிறகே விற்க முடியும். உரியவர் இறந்திருந்தால் அவர் காகிதப் பங்குகளை வாரிசு பெயருக்கு மாற்றும் விண்ணப்பமும் பதிவாளருக்கே செல்ல வேண்டும். டீமேட்டில் இருக்கும் பங்குகளுக்கு முகவரி, வங்கிக் கணக்கு மாற்றங்களை டீமேட் கணக்கு வைத்திருக்கும் இடத்தில்தான் தெரிவிக்க வேண்டும்.

காலம் கடத்துவதுதான் உண்மையான ஆபத்து. ஈவுத்தொகையைத் தொடர்ந்து 7 ஆண்டுகள் பெறாமல் விட்டால், அந்தப் பங்குகளே மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். போனாலும் உரிமை அழிவதில்லை; நிறுவனத்திடம் உரிமைக் கடிதம் பெற்று, கட்டணமில்லாத ஐ.இ.பி.எஃப்-5 படிவத்தில் திரும்பக் கேட்கலாம். மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பங்கின் மதிப்பில் சதவீதம் கேட்டு வருவோரிடம் அசல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள். பதிவாளரும் நிறுவனமும் பதில் தராவிட்டால் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஸ்கோர்ஸ் இணையதளத்தில் புகார் பதியலாம். அங்கு 21 நாட்களுக்குள் அவர்கள் நடவடிக்கை அறிக்கை தர வேண்டும்.