அறுவை சிகிச்சைத் துறையில் ஆசிரியராக நிலைக்க: புதிய உதவிப் பேராசிரியர்களுக்கு

எம்.எஸ். முடித்து, சீனியர் ரெசிடென்ட் வருடத்தையும் தாண்டி உதவிப் பேராசிரியராகச் சேர்பவர்களுக்கு நிறைய ஆபரேஷன் செய்து கை தேற வேண்டும் என்பதுதான் முதல் ஆசையாக இருக்கும். நியாயமான ஆசை. தன் கை தேறாதவருக்கு அடுத்தவர் கையில் கத்தியைக் கொடுக்கத் தைரியம் வராது. ஆனால் கற்பிப்பதையும் அதே வருடங்களில் பழக ஆரம்பியுங்கள். "முதலில் நல்ல சர்ஜன் ஆவோம், சொல்லிக்கொடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்ட பலருக்குப் பேராசிரியர் பதவி வந்தும் அந்தப் பழக்கம் வரவில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே வேலைக்காலம் முழுவதும் இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், எனக்குப் பயன்பட்டதைச் சொல்கிறேன்.

தியேட்டரிலிருந்து தொடங்குவோம். நம் ஊர்களில் பிஜி (முதுகலை) மாணவர், வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரோடு மணிக்கணக்கில் நிற்பார். கடைசியில் "ஸ்கின் போட்டுடுப்பா" என்று சொல்லிவிட்டுச் சீஃப் கையுறையைக் கழற்றுவார். இப்படி ஒருவர் மூன்று வருடம் நின்றாலும் தைக்கத்தான் கற்பார். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் 1889க்குப் பிறகு வளர்த்த ரெசிடென்ட் முறையின் உயிரே பொறுப்பைப் படிப்படியாக ஏற்றுவதுதான். ரெசிடென்ட் என்ற பெயர் நம்மிடம் வந்துவிட்டது. படிகளை நாம்தான் கட்ட வேண்டும்.

அதற்கு ஆபரேஷனைத் துண்டுதுண்டாகப் பிரித்துவிடுங்கள். குடலிறக்கத்துக்கு மெஷ் (செயற்கை வலை) வைக்கும் ஆபரேஷனை எடுத்துக்கொள்வோம். தோலைத் திறந்து எக்ஸ்டர்னல் ஆப்ளிக் என்ற வயிற்றுச் சுவரின் வெளித்தசை வரை போவது முதல் வருட பிஜி. இலியோஇங்குவினல் என்ற தொடை இடுக்கு நரம்பைக் கண்டுபிடித்துக் காப்பாற்றி, கார்டை (விந்து நாண்) தூக்கி, சாக்கை (குடலிறக்கப் பை) பிரிப்பது இரண்டாம் வருடம். மெஷ் பொருத்துவது இறுதி வருடம். தோல் தையல் ஹவுஸ் சர்ஜனுக்கு. யாருக்கு எந்தத் துண்டு என்பதை முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிடுங்கள். அன்று இரவு அவர் அந்த ஒரு துண்டை மட்டும் படித்துவிட்டு வருவார். முழு ஆபரேஷனையும் மேலோட்டமாகப் புரட்டுவதைவிட அது மேல்.

கை கழுவும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "இன்றைக்கு எந்த இடத்தில் தடுமாறுவாய் என்று நினைக்கிறாய்?" இறுதி வருடப் பையன் ப்யூபிக் ட்யூபர்கிள் என்ற இடுப்பெலும்பு முனையைச் சொன்னால் சந்தோஷப்படுங்கள். மெஷ் அந்த எலும்பைத் தாண்டி உள்பக்கமாக ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டராவது படிந்திருக்க வேண்டும். அங்கே கஞ்சத்தனம் செய்தால் குடலிறக்கம் அந்த இடத்தில்தான் திரும்பி வரும். அவர் வேறு எதையாவது சொன்னால், கத்தி வைப்பதற்கு முன்பே இதை நினைவுபடுத்திவிடலாம்.

அவர் செய்யும்போது நீங்கள் எதிர்ப்பக்கம் அசிஸ்டன்டாக நில்லுங்கள். நல்ல அசிஸ்டன்ட் திசுவை இழுத்துப் பிடிக்கும் விதமே வழிகாட்டிவிடும். வாய் அதிகம் பேச வேண்டியதில்லை. நிலைமை கை மீறினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். "நான் 'கொடு' என்றால் அந்த நொடியே கொடுத்துவிட வேண்டும். அது திட்டு இல்லை, நோயாளிக்காக" என்று நான் ஒவ்வொரு பேட்ச்சிடமும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லிவைத்தால் மாணவர் வெட்கப்படாமல் கொடுப்பார், அடுத்த கேஸில் தயங்காமல் வாங்குவார்.

ஒன்றை மறக்கவே கூடாது. ஸ்பைனல் (முதுகில் போடும் மரப்பு ஊசி) கொடுத்திருக்கும் நோயாளி விழித்திருக்கிறார். திரைக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கிறது. "ஐயோ", "என்னப்பா இப்படிப் பண்ணிட்டே" என்ற வார்த்தைகள் அவர் காதில் எப்படி விழும் என்று யோசியுங்கள். பயிற்சி மருத்துவர்களும் ஆபரேஷனில் பங்கெடுப்பார்கள், நான் பக்கத்திலேயே இருப்பேன் என்று முந்தின நாளே அவரிடம் நேராகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். மறைக்காமல் சொன்னால் பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் அந்தக் கேஸை நீங்களே செய்யுங்கள்.

முடிந்ததும், நோயாளியை மாற்றும் அந்த ஐந்து நிமிடத்தில் பேசிவிடுங்கள். எது நன்றாக வந்தது, அடுத்த முறை எதை மாற்றுவாய் என்று அவரையே முதலில் சொல்லவிட்டு, நீங்கள் ஒன்றைச் சேர்த்தால் போதும். பத்துக் குறை சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது.

தையல், முடிச்சு, குடல் இணைப்பு எல்லாம் நோயாளி உடம்பில் முதன்முதலாகக் கற்க வேண்டியவை அல்ல. கறிக்கடையில் ஆட்டுக்குடல் வாங்கி வரச் சொல்லுங்கள். தேதி முடிந்த விக்ரில், சில்க் தையல் நூல் பாக்கெட்டுகளைத் தியேட்டர் சிஸ்டரிடம் கேட்டு ஒரு டப்பாவில் சேர்த்துவையுங்கள். சொல்லிக்கொடுக்க ரோட்னி பேட்டன் என்ற சர்ஜன் வகுத்த நான்கு படிகள் எனக்கு மிகவும் உதவின. முதலில் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவது. அடுத்து ஒவ்வொரு அசைவையும் விளக்கியபடி மெதுவாகச் செய்வது. மூன்றாவதில் மாணவர் வரிசையாகச் சொல்ல வேண்டும், நீங்கள் அவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். நான்காவதில் அவரே சொல்லிச் செய்வார். மூன்றாவது படியை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். மாணவர் மனதில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

வார்டில் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு நீரிழிவுக் கால் நோயாளிகளே போதுமான பாடம். நம் வார்டுகளில் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பாதத்தின் மேல் நாடி தெரிகிறதா என்று கேட்டால் எல்லோரும் "தெரியுது மேடம்" என்பார்கள். நாடி தெரிந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் புள்ளியில் நீங்கள் விரல் வைத்துப் பாருங்கள். பாதிப் பேர் தங்கள் விரல் நுனியின் துடிப்பையே எண்ணியிருப்பார்கள். அப்படி இருந்தால் தன் கழுத்து நாடியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார். தொடுவதற்கு முன் "பெரியவரே, கொஞ்சம் காலைப் பார்க்கலாமா?" என்று மாணவர் வாயால் கேட்க வேண்டும். ஒரு கட்டிலுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம், திரை போடாமல் எதுவும் வேண்டாம்.

படிப்புத் தகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்.எம்.சி.யின் (தேசிய மருத்துவ ஆணையம்) அடிப்படை மருத்துவக் கல்விப் பயிற்சியைக் கையெழுத்துக்காக முடிக்காமல் உட்கார்ந்து கவனியுங்கள். 2019 பேட்ச்சிலிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமே திறன் அடிப்படைக்கு மாறிவிட்டது. அது தெரியாமல் வகுப்பெடுக்க முடியாது. அதற்கு மேல் ஆசையிருந்தால் வேலூர் சி.எம்.சி. போன்ற மையங்களில் உயர்நிலைப் பயிற்சி இருக்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.யில் மருத்துவ ஆசிரியர்களுக்கான ஃபைமர் ஃபெலோஷிப் இருக்கிறது, வேலையை விடாமலே படிக்கலாம். உங்கள் கல்லூரியிலேயே ஒரு கல்வித் திட்டத்தைச் செய்துகாட்ட வேண்டும் என்பது அதில் எனக்குப் பிடித்த அம்சம். கேள்வி சிறியதாக இருக்கட்டும்: ஆட்டுக்குடலில் பழகியவர்கள் நன்றாக இணைக்கிறார்களா? அதை அளக்க, 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் எழுதிய ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வு முறையைப் போல, எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே மதிப்பெண் பட்டியல் வையுங்கள். எத்திக்ஸ் கமிட்டி அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். மாலை நேர கிளினிக்கும் தனியார் மருத்துவமனை கேஸ்களும் வைத்திருக்கும் சக மருத்துவரைவிட உங்கள் வருமானம் குறைவாகத்தான் இருக்கும். வீட்டில் இதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். கிளினிக்கை முழுக்க விட வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு சாயங்காலமாவது மாணவர்களுக்கென்று ஒதுக்கி, அந்த நாட்களில் அப்பாயின்ட்மென்ட்டே வாங்காமல் இருந்தால் போதும்.

யூனிட் சீஃப் ஆன பிறகு அட்மிஷன் நாள் இரவுகளை விட்டுவிடாதீர்கள். பாடம் அதிகம் கிடைப்பது அப்போதுதான். இரண்டு மணிக்கு டியோடினல் பெர்ஃபரேஷன் (முன்சிறுகுடலில் ஓட்டை) வந்திருக்கிறது என்று போன் வந்தால், போனிலேயே முடித்துக்கொள்ளாமல் போய் எதிரில் நில்லுங்கள். ஓமென்டத்தை (குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை) வைத்து ஓட்டையை மூடுவதை உதவிப் பேராசிரியர் இரண்டாம் வருட பிஜிக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அவர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதை நீங்கள் கவனியுங்கள். மூடிய பிறகு அவசரமாக வயிற்றை மூட விடாதீர்கள். கல்லீரலுக்கு மேல், மண்ணீரல் பக்கம், இரண்டு பக்கவாட்டுப் பள்ளங்கள், இடுப்புக்குழி என்று ஒவ்வொரு இடத்தின் பெயரையும் பிஜி வாய்விட்டுச் சொல்லி, வெதுவெதுப்பான சலைனால் கழுவி, திரும்பி வரும் நீர் தெளிந்த பிறகே ட்ரெயின் (வடிகுழாய்) வைக்கச் சொல்லுங்கள்.