கன்சோலில் முடித்த விளையாட்டைக் கேமிங் பிசியில் மறுபடி ஆடலாமா?

கேமிங் பிசி ஒன்று கைக்கு வந்ததும், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோலில் ஏற்கெனவே ஆடி முடித்த விளையாட்டு இதில் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆவல் பலருக்கும் எழுகிறது. பிசியில் படம் தெளிவாக இருக்கும் என்பதில் பெரும்பாலும் ஐயமில்லை. ஆனால் அந்தத் தெளிவுக்காக ஒரே விளையாட்டை மறுபடி விலை கொடுத்து வாங்கி, முப்பது நாற்பது மணி நேரத்தைச் செலவிடலாமா என்பது வேறு கேள்வி. முதல் ஆட்டத்தில் உங்களுக்குக் குறையாகத் தெரிந்தவை இயந்திரத்தால் வந்தவையா, விளையாட்டின் அமைப்பிலேயே இருந்தவையா என்று பிரித்துப் பார்த்தால் விடை பாதி கிடைத்துவிடும்.

எனவே, ஒப்பீட்டுக் காணொளிகளைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த விளையாட்டில் எவை உங்களை எரிச்சலூட்டின என்பதை நினைவிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த வரிசை முக்கியம். இரண்டு படங்களை அருகருகே நிறுத்தி உருப்பெருக்கிக் காட்டும்போது, ஆடுகையில் ஒருபோதும் கவனித்திராத புல்லின் நுனிகூடப் பெரிய குறையாகத் தோன்றும். கூட்டமான இடங்களில் படம் தடுமாறியது, குறிபார்ப்பது மந்தமாக இருந்தது, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தது போன்றவை நல்ல பிசியில் பெருமளவு தீரக்கூடியவை. கதை இழுத்தது, பக்கப் பணிகள் ஒரே அச்சில் இருந்தன என்பவை எந்தக் கிராபிக்ஸ் கார்டாலும் தீராதவை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 விளையாட்டில் ஒவ்வொரு பொருளையும் நிதானமாகக் குனிந்து எடுக்கும் நாயகனின் மெதுவான அசைவு உங்களைச் சோதித்திருந்தால், 2019 நவம்பரில் வந்த பிசி பதிப்பிலும் அவர் அதே நிதானத்துடன்தான் குனிவார்.

இயந்திரக் குறைகளில் முதலிடம் தர வேண்டியது ஃபிரேம் வேகத்துக்கு, அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் மாறுகின்றன என்பதற்கு. நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு படம் திரையில் சுமார் 33.3 மில்லிநொடி நிற்கிறது. 60 ஃபிரேமில் அது 16.7 மில்லிநொடியாகக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியும் மென்மையைவிடக் கைக்குத் தெரியும் மாற்றமே இதில் பெரிது. பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் அதன் விளைவு தெரிவதற்கும் உள்ள இடைவெளி சுருங்குவதால், நொடிப்பொழுதில் விலகித் தப்ப வேண்டிய சண்டை விளையாட்டுகளும், கார்ப் பந்தயங்களும், துப்பாக்கிச் சண்டைகளும் ஏறக்குறைய புதிய விளையாட்டாகவே உணரப்படும். பெர்சோனா 5 போல முறை வைத்து ஆடும் விளையாட்டில் இந்த ஆதாயம் மிகக் குறைவு. 60-இலிருந்து 120-க்குப் போகும்போது மிச்சமாவது 8 மில்லிநொடிதான் என்பதால், ஏற்கெனவே 60-இல் ஆடியவர்கள் அதற்காக மட்டும் மறுபடி தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: காட் ஆஃப் வார் (2018), கோஸ்ட் ஆஃப் சுஷிமா போன்ற பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) விளையாட்டுகள் பிஎஸ்5-இல் 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகின்றன. புதிய கன்சோலும் உங்களிடம் இருந்தால், கையிலுள்ள பழைய பிரதியே போதுமானதாக இருக்கலாம்.

படத்தின் துல்லியம் அடுத்த இடத்துக்குரியது. 4கே படத்தில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 1080பி படத்தைப் போல இது நான்கு மடங்கு. ஆனால் அதே தொலைக்காட்சியில், அதே தொலைவிலிருந்து ஆடப்போகிறீர்கள் என்றால் அந்த நான்கு மடங்கில் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாது. மேசையில் மானிட்டருக்கு அருகே அமர்பவர்களுக்கே இது உண்மையான ஆதாயம்.

இனி, பிசி பதிப்பின் தரம். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 2015 ஜூனில் வந்த பேட்மேன்: ஆர்க்கம் நைட் விளையாட்டின் பிசி பதிப்பு மிக மோசமாக ஓடியதால், அதன் விற்பனையே நிறுத்தப்பட்டு அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. 2012-இல் வந்த டார்க் சோல்ஸ் பிசியிலும் 1080பி-ஐவிடக் குறைந்த 720பி அளவிலேயே வரையப்பட்டது. ரசிகர் ஒருவர் எழுதிய மோட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்பு) அந்தத் தடையை நீக்கியது. 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசிக்கு வந்தபோதும் திணறல்கள் பற்றிப் பரவலான புகார்கள் எழுந்தன; பின்னர் வந்த திருத்தங்கள் நிலைமையை மேம்படுத்தின. எனவே வெளியீட்டு நாள் விமர்சனங்களை நம்பாமல், அண்மைய மாதங்களில் எழுதப்பட்டவற்றை மட்டும் படியுங்கள். அவற்றில் ஷேடர் (ஒளி, நிழல், நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) திணறல் பற்றிய பேச்சு இருக்கிறதா என்று குறிப்பாகத் தேடுங்கள். கன்சோலின் வன்பொருள் ஒரே வகை என்பதால் ஷேடர்களை முன்கூட்டியே தொகுத்துத் தர முடிகிறது. பிசியில் கிராபிக்ஸ் கார்டும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் ஆளுக்கு ஆள் மாறுவதால் அந்த வேலை உங்கள் கணினியிலேயே நடக்க வேண்டியிருக்கிறது. அது ஆட்டத்தின் நடுவே நடந்தால், எவ்வளவு விலை உயர்ந்த கார்டு இருந்தாலும் படம் நின்று நின்று நகரும். ஃபிரேம் வேகத்துக்கு உச்சவரம்பு பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் விசாரித்துவிடுங்கள்: எல்டன் ரிங் பிசியிலும் 60 ஃபிரேமைத் தாண்டாது.

ஆட்டத்தில் எட்டிய இடத்தைச் சேமித்து வைக்கும் சேவ் கோப்புகள் கூடவே வருமா என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்பாக்ஸ் பிளே எனிவேர் திட்டத்தில் உள்ள விளையாட்டுகளை ஒரு முறை வாங்கினால் கன்சோலிலும் விண்டோஸிலும் ஆடலாம்; விட்ட இடத்திலிருந்தும் தொடரலாம். தி விட்சர் 3 விளையாட்டிலும் 2022 டிசம்பர் புதுப்பிப்புக்குப் பிறகு கன்சோலுக்கும் பிசிக்கும் இடையே சேவ் கோப்புகளைக் கொண்டுசெல்ல முடிகிறது. இவை விதிவிலக்குகள். பெரும்பாலானவற்றில் வெறுங்கையோடு முதல் காட்சியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே ஆடாமல் மிஞ்சியிருப்பது ஒரு கூடுதல் அத்தியாயம் மட்டுமே என்றால், அதைக் கன்சோலிலேயே வாங்கி முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

மோட்கள் இந்தக் கணக்கையே மாற்றிவிடக்கூடும். ஸ்கைரிம் போன்ற விளையாட்டுகளுக்கு ரசிகர்கள் உருவாக்கிய புதிய நிலப்பரப்புகளும் கதைகளும் ஏராளம். அவற்றுக்காகத் திரும்புபவர் பழையதை மறுபடி ஆடுகிறார் என்று சொல்வதே சரியல்ல.

இத்தனைக்குப் பிறகும் மனம் ஊசலாடினால், பிசி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையின் விதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விளையாட்டைத் திறந்து வைத்து ஷேடர்கள் தொகுக்கப்படக் காத்திருக்கும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமைப்புகளை மாற்றி மாற்றி ரசிப்பதில் நேரத்தைக் கரைக்காமல், அரை மணி நேரத்துக்குள் அவற்றை முடித்துவிட்டு ஆடத் தொடங்குங்கள். முன்பு எழுதி வைத்த குறைகளில் எத்தனை உண்மையிலேயே மறைந்தன என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒன்றரை மணி நேரம் கடந்தும் உங்கள் கவனம் கதையிலோ சண்டையிலோ பதியாமல், திரையின் மூலையில் ஓடும் ஃபிரேம் எண்ணிலேயே இருக்கிறது என்றால், தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.