சின்ன மேடைக்கு விளக்கு வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிற இளைஞர்களும் குழுவாகச் சேர்ந்து நாடகம் போடுவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. இடம் பெரும்பாலும் பள்ளிக்கூட ஹால்தான். இல்லையென்றால், பங்காளிகள் எல்லாரும் சம்மதித்துத் திறந்துவிடும் ஏதாவது ஒரு பழைய வீட்டு வளவு, அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றம். ஐம்பது அறுபது பேர் உட்காரலாம், கடைசி ஆள்கூட நடிகரின் கண்ணைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட இடம் கிடைப்பதே பாக்கியம். எழுத்தும் நடிப்பும் நன்றாக அமைந்து, விளக்கைப் போட்டதும் எல்லாம் கெட்டுப்போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆரம்பத்தில் எங்கள் குழு காசைக் கொட்டிச் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். அன்றைக்கு ஹாலஜன், இன்றைக்கு எல்இடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

லென்ஸைத் துடையுங்கள், ஸ்டாண்டு ஆடாமல் வையுங்கள், தரையில் ஓடும் ஒயர் மேல் டேப் ஒட்டுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். காசு வீணாகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கலர் விளக்கை வாங்கிவிட்டு அதனிடம் வெள்ளை கேட்பது

இதை நீளமாகத்தான் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்குச் சொல்லியும் தீராத தவறு இது, பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

குழுவின் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நேராகக் கடைக்குப் போகிறார்கள், அல்லது ஆன்லைனில் தேடுகிறார்கள். ‘54 எல்இடி, ஒவ்வொன்றும் 3 வாட்ஸ், ஆர்ஜிபிடபிள்யூ, ஒரு கோடியே அறுபது லட்சம் கலர்’ என்று போட்ட பார் லைட் (டப்பா வடிவ மேடை விளக்கு) கண்ணில் படுகிறது. ஆர்ஜிபிடபிள்யூ என்றால் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை நாலும் உள்ளது. விலையும் கையைக் கடிக்கவில்லை. மொத்தமாக எட்டோ பத்தோ வாங்கிவிடுகிறார்கள். கல்யாண ரிசப்ஷனுக்கும் கோயில் திருவிழா அலங்காரத்துக்கும் அது நல்ல விளக்குதான், அங்கே சுவரும் தூணும் பந்தலும் கலராகத் தெரிய வேண்டும். நாடகத்தில் முதலில் தெரிய வேண்டியது முகம். கலரெல்லாம் அப்புறம்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வளவில் நடந்த ஒத்திகைக்குப் போயிருந்தேன். ஆச்சி வேடம் போட்ட பெண் அரக்குக் கரை வைத்த கடுகு மஞ்சள் கண்டாங்கி கட்டியிருந்தார். சாயங்காலம் முற்றத்து வெளிச்சத்தில் அந்தச் சேலை தகதகவென்று இருந்தது. இருட்டியதும் இவர்கள் வாங்கிய விளக்குகளைப் போட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுசாக ஏற்றி ‘வெள்ளை’ ஆக்கினார்கள். சுவரில் பார்த்தால் வெள்ளைதான். ஆனால் மஞ்சள் சேலை அழுக்கேறியதுபோல மங்கிவிட்டது, கரை மட்டும் தனியாக அலறியது, அந்தப் பெண்ணின் முகம் சாம்பல் பூசியது மாதிரி ஆகிவிட்டது. மேக்கப் போடுகிறவர் பாவம், பான்கேக்கை இன்னும் இன்னும் ஏற்றிக்கொண்டிருந்தார். “மேக்கப்பைக் கூட்டாதீங்க, லைட்டை அணைங்க” என்றேன். முகப்பில் எரிந்த ஒரு சாதாரண குண்டு பல்பைக் கழற்றி, ஒயர் போட்டு ஸ்டாண்டில் கட்டி எரியவிட்டோம். வெளிச்சம் குறைவுதான், ஆனால் சேலையின் மஞ்சளும் மனுஷியின் முகமும் திரும்பி வந்துவிட்டன.

காரணம் எளிமையானது. குண்டு பல்பு, ஹாலஜன், வெயில் இவற்றின் ஒளியில் சிவப்பிலிருந்து ஊதா வரை இடைவெளி இல்லாமல் எல்லா நிறமும் இருக்கும். மூன்று கலர் எல்இடியில் இருப்பது மூன்று குறுகலான பட்டைகள் மட்டும்தான். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில், மஞ்சளும் ஆம்பரும் இருக்க வேண்டிய இடத்தில், ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நம்முடைய தோல், மஞ்சள் பூசிய முகம், பித்தளைக் குத்துவிளக்கு, தேக்குத் தூண், கடுகு மஞ்சள் சேலை எல்லாவற்றுக்கும் உயிர் கொடுப்பது அந்த இடம்தான். விளக்கில் இல்லாத நிறத்தைச் சேலை எப்படித் திருப்பித் தரும்?

“அண்ணே, அதான் டபிள்யூ இருக்கே, வெள்ளை தனியா எரியுமே” என்றான் அங்கே லைட் பார்த்த தம்பி. சரி, மற்ற மூன்றையும் அணைத்துவிட்டு வெள்ளையை மட்டும் போடு, எத்தனை எரிகிறது என்று எண்ணு என்றேன். ஆறு. 54 எல்இடிக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள், முகத்துக்குக் கிடைப்பது ஆறு, அதுவும் டியூப்லைட் மாதிரி நீலம் கலந்த வெள்ளை. எல்லா மாடலும் இப்படி இல்லை, ஆனால் விலை குறைந்த பலவற்றில் வெள்ளைக்கு இதுதான் பங்கு. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், அட்டைப் பெட்டியிலும் இருக்காது. எரியவிட்டு எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு கேடும் உண்டு, சின்ன இடத்தில்தான் அது அதிகம் தெரியும். ஒவ்வொரு கலரும் தனித்தனிப் புள்ளியிலிருந்து வருவதால், கிட்டத்தில் நிற்கிற ஆளின் நிழல் ஒரே கறுப்பாக விழாது. ஓரத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிசிறு கட்டும். நம் பழைய வீட்டுச் சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு இருக்கிறதே, கண்ணாடி மாதிரி வழவழவென்று, அதில் இந்தக் கலர் நிழல் பளிச்சென்று தெரியும். நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கினால் சுவரில் மூன்று கை. சோகக் காட்சியில் சனம் அந்தச் சுவரைத்தான் பார்க்கும்.

அப்போ என்ன வாங்குவது? முன்பக்கத்துக்கு வார்ம் ஒயிட் (மஞ்சள் சாயல் உள்ள வெள்ளை) எல்இடி மட்டும், 3000 முதல் 3200 கெல்வின் வரை. சிஓபி என்று கேளுங்கள், நடுவில் ஒரே பெரிய எல்இடி இருக்கும், நிழலும் ஒன்றுதான் விழும். சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பு, 90க்கு மேல் இருக்க வேண்டும், எழுத்தில் கேளுங்கள். ஆர்9 என்று ஒரு அளவும் இருக்கிறது, ஆழ்ந்த சிவப்பை எப்படிக் காட்டும் என்பதற்கு. நம் நிறத்துத் தோலுக்கு அது முக்கியம். பத்து கலர் விளக்கு வாங்கும் பணத்தில், முன்பக்கத்துக்கு நாலு நல்ல வார்ம் ஒயிட்டும் பின்னாலிருந்து கலர் அடிக்க இரண்டு கலர் பாரும் வாங்குங்கள். எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும். மெக்கேண்ட்லெஸ் என்ற அமெரிக்க ஆசிரியர் 1930களில் வகுத்த முறைதான் இன்றைக்கும் அடிப்படை: நடிக்கிற இடத்துக்கு இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, இரண்டும் ஏறக்குறைய 45 டிகிரி மேலிருந்து. சின்ன மேடையை இரண்டு பகுதியாகப் பிரித்தால் இதற்கு நாலு விளக்கு போதும்.

பழைய ஹாலஜன் ஃப்ரெனல் (வளையம் வளையமான லென்ஸ் வைத்து ஓரம் மென்மையாக அடிக்கும் விளக்கு) யாராவது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் விடாதீர்கள். 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஏவிஎம் படம் எடுத்த ஊர் நம்முடையது, அன்றைக்கு முகத்தைக் காட்டியதில் இழை பல்புகளுக்கும் பங்கு உண்டு. சூடும் கரண்டும் அதிகம், சித்திரை வெயிலில் மூடிய ஹாலுக்கு ஆகாது. முகத்துக்கு அதைவிட நல்ல விளக்கு நான் பார்த்ததில்லை.

பீம் ஆங்கிளைக் கேட்காமல் வாங்குவது

பீம் ஆங்கிள் என்பது வெளிச்சம் விரிகிற கோணம். கடையில் 25 டிகிரி பாரைச் சுவரில் அடித்துக் காட்டுவார்கள், வட்டம் கும்மென்று இருக்கும். அதே விளக்கை வளவில் பத்தடி தூரத்தில் வைத்தால் வட்டத்தின் குறுக்களவு நாலரை அடிகூட வராது. நடிகர் ஒரு எட்டு நகர்ந்தால் இருட்டு. கணக்கு சுலபம்: தூரத்தை 25 டிகிரிக்கு 0.44ஆலும், 40 டிகிரிக்கு 0.73ஆலும், 60 டிகிரிக்கு 1.15ஆலும் பெருக்குங்கள், வட்டத்தின் அகலம் கிடைக்கும். பத்தடியில் 40 டிகிரி ஏழடி கொடுக்கும், 60 டிகிரி பதினொன்றரை அடி கொடுக்கும். நம் இடங்களுக்கு இந்த இரண்டும்தான் சரி, ஜூம் உள்ள விளக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. அகலமாகப் பரவும் வெளிச்சம் பார்வையாளர் மடியில் விழாமல் மறைக்க பார்ன் டோர் (விளக்கின் வாயில் மாட்டும் மடக்குத் தகடுகள்) கட்டாயம் வேண்டும், தனியாக வாங்க வேண்டியிருந்தாலும் வாங்கிவிடுங்கள்.

கிட்டத்தில் வைத்த விளக்குக்கு இன்னொரு குணம் உண்டு. பத்தடியில் நின்றவர் விளக்கை நோக்கி மூன்றடி முன்னே வந்தால் அவர் மேல் விழும் வெளிச்சம் இரண்டு மடங்காகிவிடும். பக்கத்தில் நிற்பவர் மங்கிப்போவார். அதனால் இடம் அனுமதிக்கிற அளவுக்கு விளக்கைத் தள்ளி, உயர்த்தி வையுங்கள்.

வாட்ஸ் கூடினால் நல்லது என்று நினைப்பது

பத்தடிக்கு 100 வாட்ஸ் சிஓபி எல்இடி தாராளம்.

தரையை மறந்துவிடுவது

ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தட்டின் மேல் வார்த்து எடுப்பது, கால் பட்டுப் பட்டு இன்னும் பளபளப்பு ஏறியிருக்கும். பின்னாலிருந்து தாழ்வாக ஒரு விளக்கை அடித்தால் அது தரையில் பட்டு நேராக முன்வரிசைக்காரர் கண்ணில் குத்தும். பின்விளக்கு வைப்பதாக இருந்தால் நடிகரின் தலைக்கு மேலே, செங்குத்தாக அடிக்கிற மாதிரி இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்படி இடம் இல்லையென்றால் நடிக்கிற பகுதியில் கறுப்பு ஜமுக்காளம் விரிக்க வேண்டும். அந்தப் பூவேலைத் தரையை மூட மனசு வராது என்பது எனக்குத் தெரியும். பகல் வெளிச்சத்தில் ஒரு காட்சி வைத்துத் தரையைக் காட்டுங்கள், ராத்திரிக் காட்சிக்கு மூடிவிடுங்கள்.

விசிறிச் சத்தம்

ஐம்பது பேர் உட்காருகிற இடத்தில் ஃபேன் உள்ள விளக்கு வேண்டாம்.

டிம்மர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

ஹாலஜனுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் பயன்படுத்திய டிம்மர் பாக்கில் எல்இடி விளக்கைச் செருகாதீர்கள். மினுக்கும், உள்ளே கரண்டைச் சீராக்கும் டிரைவர் எரிந்துபோகவும் கூடும். எல்இடிக்கு எப்போதும் முழுக் கரண்ட், ஏற்றி இறக்குவதற்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் ஒயர். டிஎம்எக்ஸ் 1986இல் வந்த முறை, ஒரு லைனில் 512 சேனல், நமக்கு அதில் கால்வாசிகூடத் தேவைப்படாது. மைக் ஒயரும் அதே மூன்று முள் பின்னில் பொருந்திவிடும் என்பதால் அதையே போட்டுவிடுகிறார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஓடும், நீளம் கூடினால் விளக்கு தானாகத் துடிக்க ஆரம்பிக்கும். டிஎம்எக்ஸ் ஒயரே வாங்குங்கள், சிக்னல் திரும்பி வராமல் தடுக்கக் கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் போடுங்கள்.

இதைவிட முக்கியம், விளக்கு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. மட்டமான எல்இடி ஐந்து சதவீதத்துக்குக் கீழே வந்ததும் படிப்படியாகத் துள்ளி, பட்டென்று அணைந்துவிடும். மெதுவாக இருட்டாக வேண்டிய காட்சி அங்கேயே செத்துப்போகும். மிக நுணுக்கமான படிகளில் இறங்கும் 16 பிட் டிம்மிங் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் செல்போன் கேமராவை அந்த மங்கிய வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அந்த விளக்கில் எடுக்கும் எந்த வீடியோவும் உருப்படாது.

மூவிங் ஹெட் (தலை தானாகத் திரும்பும் விளக்கு)

வேண்டாம்.

கரண்ட் கணக்குப் பார்க்காமல் ஹாலஜன் எடுப்பது

1000 வாட்ஸ் பார் கேன் ஒன்று நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 15 ஆம்பியர் லைன் ஒன்றில் மூன்று போட்டாலே நிறுத்திக்கொள்ள வேண்டும். பழைய வீட்டு ஒயரிங்கில் அதுகூட வேண்டாம், சுவருக்குள் ஓடும் ஒயர் எந்தக் காலத்தது, எர்த் உயிரோடு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லாமல் எதையும் செருகாதீர்கள். மெயின் போர்டிலிருந்து தனி எம்சிபி வைத்துத் தனி லைன் இழுப்பதுதான் ஒழுங்கு. அல்லது ஜெனரேட்டர், அதைத் தெருக்கோடியில் நிறுத்த வேண்டும், சத்தம் வளவுக்குள் வரக் கூடாது.

தூணில் கட்டுவது

பர்மா தேக்குத் தூணில் ஆணி அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பி சுற்றிக் கட்டினாலும் தழும்பு விழும். வீட்டுக்காரர் அடுத்த முறை கதவைத் திறக்கமாட்டார், மற்றக் குழுக்களுக்கும் திறக்கமாட்டார். விளக்கு வாங்கும் பட்ஜெட்டிலேயே கனமான ஸ்டாண்டுக்கும், அடியில் வைக்க மணல் மூட்டைக்கும், ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சேஃப்டி ஒயருக்கும் பணம் ஒதுக்குங்கள்.

வாடகைக்கு எடுத்துப் பார்க்காமல் வாங்குவது

பிடித்த மாடல் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். நாடகம் நடக்கப்போகும் அதே இடத்தில், இருட்டிய பிறகு, அதே சேலை வேட்டிகளைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கறுத்த தோல், மாநிறம், வெளுத்த தோல் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும், மேக்கப் வேண்டாம். முழு வெளிச்சம், பாதி, பத்து சதவீதம், ஐந்து சதவீதம் என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். அரை மணி நேரம் விடாமல் எரியவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள், சூடேறிய பிறகு நிறம் மாறுகிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகும் பிடித்திருந்தால் முதலில் இரண்டு மட்டும் வாங்குங்கள், அடுத்த நாடகத்துக்கு இன்னும் இரண்டு. அப்போதும் அதே மாடலைத்தான் வாங்க வேண்டும், இரண்டு கம்பெனியின் வார்ம் ஒயிட் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தால் ஒரே வெள்ளையாகத் தெரியாது.