கிராமைப் பார்க்கும் முன் கையை அளந்து பாருங்கள்: எடை குறைந்த வயர்லெஸ் கேமிங் மவுஸைச் சோதிப்பது எப்படி

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து அக்கா பையன் போன் செய்தான். "மாமா, 49 கிராம்ல ஒரு மவுஸ் பார்த்து வச்சிருக்கேன், ஆர்டர் போட்டுடட்டுமா?" உன் கை நீளம் எவ்வளவு என்று கேட்டேன். சத்தமே இல்லை. எப்படிப் பிடிப்பாய் என்று கேட்டேன், "எல்லாரும் பிடிக்கிற மாதிரிதான்" என்றான். கிருஷ்ணகிரியில் என்னைத் தேடி வந்து மவுஸ் பற்றிக் கேட்கும் பையன்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்: எடை எத்தனை, டிபிஐ (மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் பாயின்டர் எத்தனை புள்ளி நகரும் என்ற எண்) எத்தனை, இதோடு சரி. பெட்டியில் அச்சடித்த எண்ணை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். அந்த மவுஸ் உங்கள் கைக்கும், உங்கள் மேஜைக்கும், நீங்கள் ஆடும் ஆட்டத்துக்கும் ஒத்துவருமா என்பதை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், வீட்டில் இருக்கும் சாமான்களே போதும்.

முதலில் கை. மணிக்கட்டில் ரேகை மடியும் இடத்திலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களின் அடியில் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 17 செ.மீ.க்குக் கீழே என்றால் சின்னக் கை, 17 முதல் 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது என்று தோராயமாகப் பிரிப்பார்கள். அப்புறம் பிடி. உள்ளங்கை முழுக்க மவுஸின் முதுகில் படிந்து கிடந்தால் பாம் கிரிப். உள்ளங்கையின் பின்பகுதி மட்டும் தொட்டு விரல்கள் வளைந்து நின்றால் க்ளா. விரல் நுனிகள் மட்டும் தொட்டால் ஃபிங்கர்டிப். உங்கள் பிடி எது என்று யோசித்துச் சொல்லாதீர்கள், யோசித்தால் தப்பாகத்தான் வரும். இரண்டு மேட்ச் ஆடும்போது பக்கத்தில் போனை நிறுத்தி வைத்துக் கையை மட்டும் வீடியோ எடுத்துப் பாருங்கள். நான் பல வருஷம் பாம் கிரிப் என்றே நினைத்திருந்தேன், வீடியோவில் பார்த்தால் சண்டை தொடங்கியதும் விரல்கள் தானாக வளைந்துவிடுகின்றன.

எர்கோனமிக் என்று விற்கும் மவுஸ்கள் பெரும்பாலும் வலது கைக்காரர்களுக்குச் செய்தவை. இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் சரிந்து, மோதிர விரலும் சுண்டு விரலும் சாய்ந்துகொள்ள இடம் விட்டு, கட்டைவிரலுக்கு ஒரு குழி விட்டிருப்பார்கள். உள்ளங்கை முழுசாகக் கவிழாமல் கொஞ்சம் சாய்ந்தே இருப்பதால் முன்கையின் முறுக்கு குறைகிறது, அதுதான் இதன் முழு நோக்கமும். இடது கைக்காரர்கள் இந்தப் பக்கம் வராமல் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வடிவத்தைப் பார்ப்பது நல்லது. உதாரணமாக, ரேசர் கம்பெனியின் டெத்ஆடர் வி3 ப்ரோ 2022இல் வந்தது, 63 கிராம், 128 மி.மீ. நீளம், முதுகு 44 மி.மீ. உயரம். பெரிய கைக்கு அருமையான வடிவம். ஆனால் 17 செ.மீ. கை வைத்திருக்கும் என் அக்கா பையன் அதைப் பிடித்தால் விரல் நுனி கிளிக் பொத்தானில் பாதி தூரம்தான் எட்டும். ஸோவி கம்பெனி தன் இசி வரிசையில் இசி1, இசி2, இசி3 என்று ஒரே வடிவத்தைப் பெரிசு, நடுத்தரம், சிறிசு என மூன்று அளவில் தருவது இதனால்தான். லாஜிடெக் சூப்பர்லைட் 2 இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அதையே வலது கைக்குச் சாய்த்துச் செய்ததுதான் டெக்ஸ். இரண்டுமே 60 கிராம்தான், கையில் வைத்தால் இரண்டும் வேறு வேறு மவுஸ்.

கையில் பிடித்துப் பார்க்கக் கடை இல்லையே என்றால், கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர் பக்கத்தில் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு இருக்கிறது, ஒரு நாள் பஸ் ஏறிப் போய் வரலாம். போக முடியாவிட்டால் இன்னொரு வழி, என் அக்கா பையனுக்கு அதைத்தான் சொன்னேன். மவுஸின் நீளம், அகலம், உயரம் மூன்றும் கம்பெனியே போட்டிருக்கும். அந்த அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, அதன் மேல் கெட்டியாகப் பிசைந்த களிமண்ணை வைத்து, படத்தைப் பார்த்து முதுகு எங்கே உயர்கிறதோ அங்கே உயர்த்தி, ஒரு ராத்திரி காயவிட்டுப் பிடித்துப் பாருங்கள். எடை தெரியாது, ஆனால் பெரிசா சின்னதா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவன் செய்து பார்த்துவிட்டு அந்த 49 கிராம் மவுஸை வேண்டாம் என்றான். எடையில் குறை ஒன்றும் இல்லை, முதுகு அவன் உள்ளங்கையைத் தொடவே இல்லை.

சரி, எடை. ஒரு பெரிய கோழி முட்டை கிட்டத்தட்ட 60 கிராம் இருக்கும், கையில் வைத்துப் பாருங்கள், இன்றைய எடை குறைந்த மவுஸ் அவ்வளவுதான். வயர் வைத்த லாஜிடெக் ஜி502 121 கிராம், ஏறக்குறைய இரண்டு முட்டை. எடை குறைவதால் என்ன லாபம் என்றால், சட்டென்று திருப்பும்போது மவுஸை நகர்த்தவும் வேண்டும், சரியான இடத்தில் நிறுத்தவும் வேண்டும், இரண்டுக்கும் விசை குறைவாகப் போதும். குறைந்த சென்சிட்டிவிட்டியில், அதாவது மவுஸை நிறைய நகர்த்தினால்தான் குறி திரும்பும்படி வைத்து ஆடுபவர்கள் மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடுவார்கள், ஒரு ராத்திரியில் நூற்றுக்கணக்கான தடவை தூக்கும் கைக்கு 40 கிராம் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் 63க்கும் 55க்கும் நடுவில் இருக்கும் 8 கிராமுக்காக வடிவத்தை விட்டுக்கொடுக்காதீர்கள், அது நட்டம்.

வந்ததும் ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். மளிகைக்கடைத் தராசு இதற்கு உதவாது. எடையை விட முக்கியம் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. சென்சார் இருக்கும் இடத்துக்கு நேராக இரண்டு பக்கமும் கட்டைவிரலாலும் மோதிர விரலாலும் பிடித்து லேசாகத் தூக்குங்கள். பின்பக்கம் தொங்கினால் பேட்டரியைப் பின்னால் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் வால் கீழே தட்டும். அடுத்து, பக்கங்களை இறுக்கிப் பிடியுங்கள். பிளாஸ்டிக் முனகுகிறதா, அழுத்தும்போது பக்கவாட்டுப் பொத்தான் தானாக அமுங்குகிறதா என்று பாருங்கள். காதருகே வைத்துக் குலுக்குங்கள். ஸ்க்ரோல் வீல் லேசாக ஆடும் சத்தம் பரவாயில்லை, உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். எடையைக் குறைக்கத் தேன்கூடு மாதிரி ஓட்டை போட்ட மவுஸ்களும் உண்டு. கிரானைட் பட்டறை, ஜல்லி லாரி என்று புழுதிக்குப் பஞ்சமே இல்லாத நம் ஊரில் நான் அதை யாருக்கும் சொல்வதில்லை.

கிரானைட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பாலிஷ் போட்ட மீதத் துண்டை இரும்பு ஸ்டாண்டில் போட்டு மேஜையாக வைத்திருப்பவர்கள் நம் பக்கம் உண்டு, நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மவுஸின் சென்சார் கீழே வெளிச்சம் பாய்ச்சி, மேற்பரப்பின் சொரசொரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போடுகிறது. கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புக் கிரானைட்டில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது, பாயின்டர் தவ்வும். மவுஸ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் துணி மவுஸ் பேட் போட்டுச் சோதியுங்கள். கீழே சொல்வது எல்லாமே துணி பேட் மேல் செய்ய வேண்டியவை.

டிபிஐ 26,000, 30,000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், ஷூட்டிங் ஆட்டங்களில் பெரும்பாலும் 400 முதல் 1600க்குள்தான் வைப்பார்கள். பார்க்க வேண்டியது, 800 என்று வைத்தால் உண்மையில் 800 வருகிறதா என்பதுதான். விண்டோஸில் பாயின்டர் வேகத்தை நடுக்கோட்டில் வைத்து, என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன் டிக்கை எடுத்துவிடுங்கள். திரையின் ஸ்கேலிங்கை 100 சதவீதம் ஆக்குங்கள். பெயின்டைத் திறந்து, மவுஸை ஸ்கேல் ஓரமாக ஒட்டி வைத்து, சரியாக ஒரு அங்குலம், அதாவது 2.54 செ.மீ., நகர்த்துங்கள். கீழே பாயின்டரின் இடத்தைக் காட்டும் எண் சுமார் 800 கூடியிருக்க வேண்டும். ஐந்து தடவை செய்து சராசரி பாருங்கள். நாற்பது ஐம்பது முன்பின் இருந்தால் ஆட்டத்தில் சென்சிட்டிவிட்டியைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்து, உங்கள் கை ஒழுங்காகத்தான் நகர்ந்தது என்றால், அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

அப்படியே பெயின்டில் மெதுவாகச் சாய்கோடுகள் இழுங்கள். கோடு நடுங்கினால் சென்சாரில் குறை இருக்கலாம், உங்கள் கை நடுங்கியும் கோடு ரூல் தடி வைத்த மாதிரி வந்தால் கோட்டைத் தானாக நேராக்கும் ஆங்கிள் ஸ்நாப்பிங் ஓடுகிறது, மவுஸின் மென்பொருளில் போய் அணையுங்கள். வேகச் சோதனையை ஆட்டத்துக்குள்தான் செய்ய வேண்டும். பயிற்சி மைதானத்தில் சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, மவுஸின் இடது பக்கத்தில் ஒரு கனமான புத்தகத்தை ஒட்டி வையுங்கள். வலப்பக்கம் படாரென்று இழுத்துவிட்டு, மெதுவாகத் திரும்ப வந்து புத்தகத்தைத் தொடுங்கள். குறி அதே புள்ளியில் நின்றால் சென்சார் நல்லது. எங்கேயோ போய் நின்றால் வேகத்தில் அது வழி தவறுகிறது.

மவுஸைத் தூக்கினால் எவ்வளவு உயரம் வரை பாயின்டர் நகர்கிறது என்பதையும் பாருங்கள். இதற்குப் பீரோவில் கிடக்கும் பழைய கல்யாண வீடியோ சிடிக்கள் போதும், ஒரு சிடி 1.2 மி.மீ. தடிமன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிடி வைத்து, நடுவில் சென்சாருக்கு மட்டும் இடைவெளி விட்டு, மவுஸின் கால்களை (அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகள்) சிடிக்கள் மேல் நிறுத்தி நகர்த்துங்கள். ஒரு சிடி உயரத்தில் நகர்ந்தாலும் பரவாயில்லை. இரண்டிரண்டு அடுக்கிய பிறகும் நகர்ந்தால், நீங்கள் தூக்கி வைக்கும் ஒவ்வொரு தடவையும் குறி அலையும்.

வயர்லெஸ் பகுதியில் பலர் ஏமாறுவது டாங்கிளை, அதாவது மவுஸின் சிக்னலை வாங்கக் கணினியில் செருகும் சின்ன யூஎஸ்பி துண்டை, வைக்கும் இடத்தில். கேபினட்டின் பின்னால், யூஎஸ்பி 3 ஓட்டையில், பக்கத்தில் ஹார்டு டிஸ்க், மேலே வைஃபை ரவுட்டர், இப்படி வைத்துவிட்டு மவுஸ் திக்குகிறது என்பார்கள். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் விழுகிறது, மவுஸ் பேசுவதும் அதே இடத்தில். இன்டெல் 2012இலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. டாங்கிளை எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டு, மவுஸ் பேடுக்கு ஒரு சாண் பக்கத்தில் வையுங்கள். வைத்தபிறகு, ஹார்டு டிஸ்கில் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி போட்டுக்கொண்டே மவுஸை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். அப்போதும் திக்கினால் குறை மவுஸில் இருக்கலாம். ப்ளூடூத்தில் ஆடவே வேண்டாம், அது எக்செல் பார்க்கும் வேலைக்கு. மவுஸ் நொடிக்கு எத்தனை தடவை கணினிக்குத் தகவல் அனுப்புகிறது என்பதுதான் போலிங் ரேட், 1000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மில்லி நொடிக்கு ஒரு தகவல், 8000 என்றால் 0.125 மில்லி நொடிக்கு ஒன்று. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பேட்டரி வேகமாக இறங்கும், பழைய பிராசசர் திணறும். 1000 போதும், அதை நான் உறுதியாகச் சொல்வேன்.

கிளிக்கில் அவசரப்படாதீர்கள். முன்பு நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு மவுஸ் ஏழாவது மாதமே ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை கிளிக் ஆனது, பில் தொலைந்துபோனதால் வாரண்டியும் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். உள்ளே உலோகத் தகடு தட்டும் ஸ்விட்ச் என்றால் தேய்ந்த பிறகு இந்த நோய் வரலாம். ஒளிக்கதிரை மறித்து வேலை செய்யும் ஆப்டிகல் ஸ்விட்சில் தகடு துள்ளும் பிரச்சினை இல்லை. ஒரு ஃபோல்டரை அழுத்திப் பிடித்தபடி திரை முழுக்க இழுத்துச் சுற்றுங்கள், நடுவில் கைவிட்டால் குறை. இடதும் வலதும் பொத்தானின் முன்னால், நடுவில், பின்னால் என்று அழுத்திப் பாருங்கள், உங்கள் விரல் விழும் இடத்தில் இலகுவாக அமுங்க வேண்டும். ஸ்க்ரோல் வீலை நீளமான பக்கத்தில் மெல்லக் கீழே உருட்டும்போது நடுவில் ஒரு முறை மேலே எகிறினால் அதுவும் குறைதான்.

கடைசியாகக் கைவலி, இது ஒரே நாளில் தெரியாது. முதல் இரண்டு நாள் எந்தப் புது மவுஸும் அந்நியமாகத்தான் இருக்கும், தசை பழக வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து, ஒரு மணி நேரம் ஆடி முடித்ததும் எங்கே இறுகியிருக்கிறது என்று குறித்துவையுங்கள். சுண்டு விரல் பேடில் உரசிக்கொண்டே இருந்தால் மவுஸ் குறுகலானது. கட்டைவிரல் அடிச்சதை வலித்தால் வழுக்குகிறது, அதனால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள், சித்திரை வெயிலில் வியர்க்கும் கைக்கு இது அடிக்கடி வரும், கிரிப் டேப் ஒட்டினால் சரியாகலாம். மணிக்கட்டின் மேல்பக்கம் வலித்தால் முதுகு உயரம் பொருந்தாமல் இருக்கலாம், அப்படியென்றால் டேப் உதவாது, மவுஸை மாற்றத்தான் வேண்டும். மரத்துப்போவதும் ராத்திரியில் விரல் குத்துவதும் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பேட்டரியையும் அந்த வாரத்திலேயே பார்த்துவிடலாம். டெத்ஆடர் வி3 ப்ரோவுக்கு 1000 ஹெர்ட்ஸில் 90 மணி நேரம், சூப்பர்லைட் 2க்கு 95 மணி நேரம் வரை என்று போட்டிருக்கிறார்கள். முழுசாக ஏற்றிவிட்டு, தினம் ஆடிய நேரத்தையும் மீதி சதவீதத்தையும் எழுதி வாருங்கள், பத்து மணி நேரத்தில் பாதி இறங்கினால் எங்கேயோ தப்பு. சார்ஜ் ஓட்டையில் உங்கள் வீட்டு டைப்-சி வயர் நுழைகிறதா என்றும் பாருங்கள், சில மவுஸ்களில் குழி குறுகலாக இருந்து பெட்டியில் வந்த வயர் மட்டும்தான் பொருந்தும்.

இதெல்லாம் முடியும் வரை பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள், கிரிப் டேப் ஒட்டாதீர்கள், கால்களை மாற்றாதீர்கள். பிரிக்கும்போது சீலிலிருந்து மவுஸ் வெளியே வரும் வரை நடுவில் வெட்டாமல் ஒரே வீடியோ எடுத்துவையுங்கள். பில்லை அன்றைக்கே போட்டோ எடுத்து மெயிலில் போட்டுவிடுங்கள். திருப்பி அனுப்பும் கடைசி தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே வைப்பதா அனுப்புவதா என்று முடிவு செய்யுங்கள், ஏனென்றால் பிக்கப் ஆள் பாலக்கோட்டுக்கு உள்ளே கிராமத்துக்கு வருவதற்கே ஒரு நாள் கூடுதலாக ஆகலாம்.