தமிழ் ஃபைல் குப்பையாகத் திறந்தால்: கைவைக்கும் முன் பார்க்க வேண்டியவை

தமிழ் ஃபைல் ஒன்றைத் திறந்ததும் திரையில் கண்டபடி ஏதேதோ வந்தால், நம்மில் பலர் உடனே ஃபான்டை மாற்றிப் பார்ப்போம், அது சரிவரவில்லை என்றால் சேமித்து மூடிவிட்டு மறுபடி திறப்போம். ஃபான்ட் மாற்றுவது பெரும்பாலும் வீண் வேலை. சேமிப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அதுவரை உள்ளே நல்லபடியாக இருந்த தமிழ் அந்த ஒரு கண்ட்ரோல்-எஸ்ஸில் ஒரேயடியாகப் போய்விடலாம். அதனால் முதல் விதி, எதையும் சேமிக்காதீர்கள். ஃபைலை மூடுங்கள், ஒரு நகல் எடுங்கள், அந்த நகலைத் திறந்து குப்பை எந்த மாதிரிக் குப்பை என்று பாருங்கள். நோய் என்ன, பிழைக்குமா பிழைக்காதா என்பதெல்லாம் அந்த உருவத்திலேயே தெரிந்துவிடும்.

வெறும் கட்டம் கட்டமாக வந்தால் கவலையே வேண்டாம். தகவல் பத்திரமாக இருக்கிறது, காட்டுவதற்குத்தான் ஃபான்ட் இல்லை. விண்டோஸ் 8-இலிருந்து நிர்மலா யூஐ கூடவே வருகிறது, அதற்கு முன் லதா இருந்தது, லினக்ஸ் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் போட்டுக்கொள்ளுங்கள். இவை இருந்தும் கட்டம் போகவில்லை, ஃபைலும் ஏதோ அரசு அலுவலகத்திலிருந்து வந்தது என்றால் அது டேஸ்16 என்ற என்கோடிங்கில் (எழுத்துகளைக் கணினி எண்களாக வைக்கும் முறையில்) இருக்க வாய்ப்புண்டு. 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அதையும் தரமாக அறிவித்தது. அது யூனிகோடில் அவரவர் விருப்பப்படி பயன்படுத்த ஒதுக்கிய தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருப்பதால் சாதாரணத் தமிழ் ஃபான்ட் எதற்கும் அந்த எழுத்துகளைத் தெரியாது. அதற்கான ஃபான்ட் அல்லது மாற்றி வேண்டும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால், அதிலும் எழுத்துக்கு ஒன்றாகச் சாதாரணக் கேள்விக்குறி வந்தால், சோலி முடிந்தது. யாரோ ஒருவர் எங்கேயோ அதைத் தமிழே தெரியாத ஒரு என்கோடிங்கில் சேமித்துவிட்டார். பழைய நோட்பேடில் ‘ஆன்சி’ என்று ஒன்று தானாகவே தேர்வாகி நிற்கும், தமிழ் எழுதிச் சேமித்தால் ஒரு எச்சரிக்கை வரும், அதை யாரும் படிப்பதில்லை, ஓகே அழுத்திவிடுவார்கள். இப்படிப் போனதை எந்த மென்பொருளும் மீட்காது, மூல ஃபைலைத் தேடுவதுதான் ஒரே வழி. 2019-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து நோட்பேடே தமிழும் அடங்கும் யுடிஎஃப்-8 என்ற யூனிகோட் என்கோடிங்குக்கு மாறிவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி என்றால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. அது தவறான என்கோடிங்கில் படித்ததன் அடையாளம், இன்னும் சேமிக்கவில்லை என்றால் மூலம் அப்படியே இருக்கும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது அடுத்த வகையில். தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, அதன் பின்னால் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட பதிவுக்குறி, இந்த ஜோடி திரும்பத் திரும்ப வரும். இதைப் பார்த்தால் நான் சந்தோஷப்படுவேன், ஏனென்றால் இது சுத்தமான யுடிஎஃப்-8 தமிழ், தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவதில் இரண்டே வகை. அதைப் பைட்டுக்கு ஒரு எழுத்தாகப் படித்தால் அந்த ஜோடிதான் தெரியும்.

இதை அதிகம் செய்வது எக்செல். ஏதோ ஒரு தளத்திலிருந்து உறுப்பினர் பட்டியலைச் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரை ஃபைலாக) இறக்கி, டபுள் கிளிக் செய்கிறீர்கள், பெயர்கள் எல்லாம் நாசம். டபுள் கிளிக்கில் எக்செல் உங்களைக் கேட்காமல் கணினியின் பழைய என்கோடிங்கில் திறந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக வெற்று எக்செலைத் திறந்து, டேட்டா தாவலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ போய், ஃபைலைத் தேர்ந்து, ‘ஃபைல் ஒரிஜின்’ என்ற இடத்தில் 65001 எண்ணுள்ள யுடிஎஃப்-8-ஐக் கொடுங்கள். முன்னோட்டத்திலேயே தமிழ் தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய அலுப்பாக இருந்தால் ஃபைலை நோட்பேடில் திறந்து, சேவ் ஆஸ் போய், என்கோடிங்கை ‘யுடிஎஃப்-8 வித் பாம்’ என்று மாற்றிச் சேமியுங்கள். பாம் என்பது ஃபைலின் தலையில் ஒட்டும் மூன்று பைட் அடையாளம், அது இருந்தால் எக்செல் டபுள் கிளிக்கிலேயே சரியாகத் திறக்கும். நிரல் எழுதிச் சிஎஸ்வி தயாரிப்பவர் நீங்களே என்றால், பைத்தானில் என்கோடிங்கை ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் இதே பாமை ஒரு பிஎச்பி ஃபைலின் தலையில் வைத்தால் ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்று அழ ஆரம்பிக்கும், எக்செலுக்குப் போகும் ஃபைலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, யாரோ அந்தக் குப்பையை அப்படியே சேமித்தும் விட்டார்கள், இப்போது குப்பையே யுடிஎஃப்-8-ஆக இருக்கிறது. இதுவும் மீளும். குப்பையை விண்டோஸ்-1252 (விண்டோஸின் பழைய மேற்கத்திய என்கோடிங்) பைட்டுகளாக மாற்றி, அந்தப் பைட்டுகளை யுடிஎஃப்-8-ஆகப் படிக்க வேண்டும். இணையத்தில் இதற்கு ஒரு வரிப் பைத்தான் விடை நிறைய கிடைக்கும், தமிழில் போட்டால் முதல் சொல்லிலேயே பிழை காட்டி நிற்கும். காரணம் நம் புள்ளி. புள்ளியின் மூன்றாவது பைட் விண்டோஸ்-1252-இல் எழுத்து ஒதுக்கப்படாத ஐந்து இடங்களில் ஒன்றில் விழுகிறது. உகரக் குறியும் ஏ, ஐ எழுத்துகளும் அப்படித்தான். புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் என்ன எழுதுவது! அதனால் எஃப்டிஎஃப்ஒய் என்ற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்துங்கள், அந்த ஐந்து இடங்களையும் கண்டுகொள்ளாமல் விடும் தளர்வான 1252 அதற்குள் இருக்கிறது.

தரவுத்தளத்துக்குள்ளேயே இப்படி இருந்தால், அதாவது மைஎஸ்க்யூஎல்லில் ‘லத்தீன்1’ என்கோடிங் உள்ள பத்தியில் (நெடுவரிசையில்) தமிழ் கிடந்தால், அந்தப் பத்தியை நேராக யுடிஎஃப்-8-க்கு மாற்றாதீர்கள், குப்பை இரட்டிப்பாகும். முதலில் வெறும் பைட்டுகளாக வைக்கும் பிளாப் வகைக்கு, அப்புறம் அங்கிருந்து யுடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்டுக்கு. பேக்கப் எடுத்துவிட்டு.

பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் ஃபான்ட்கள் தனிக் கதை. ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் அர்த்தமில்லாமல் கலந்து வந்தால் இதுதான். பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலமேதான், ஃபான்ட் மேலே தமிழ் முகமூடி போடுகிறது. இலங்கையிலிருந்து வரும் பழைய ஆவணங்கள் பெரும்பாலும் பாமினி, தமிழக அரசு அலுவலக ஆவணங்களில் வானவில் அதிகம். மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர், பொங்குதமிழ், நிரலர்களுக்கு ஓப்பன்-தமிழ் நூலகம் என்று இருக்கின்றன. ஆவணம் முழுவதையும் அள்ளிப் போட்டு மாற்றினால் இடையில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரி, கம்பெனிப் பெயர் எல்லாம் புரியாத தமிழாக மாறிவிடும், இதைப் பலர் அச்சுக்குப் போன பிறகுதான் பார்க்கிறார்கள். வேர்டில் ஃபைண்ட் பெட்டியில் ஃபார்மட், ஃபான்ட் என்று போய் பாமினி உள்ள பகுதிகளை மட்டும் தேடித் தேர்ந்து, அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் ‘கொடு’ என்பது ‘ெகாடு’ என்று வந்து விழும். பிடிஎஃப்புக்குள் இருப்பது எழுத்துகளின் வடிவங்கள், கண்ணுக்குத் தெரியும் வரிசையில், அதனால் கொம்பு முன்னால் வந்துவிடுகிறது. சில பத்திகள்தான் என்றால் கையால் தட்டச்சு செய்வது வேகம். பக்கக் கணக்கில் இருந்தால், பிடிஎஃப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறங்கள், அல்லது டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளைத் தமிழ்த் தரவோடு ஓட்டுங்கள். இரண்டும் படத்தைப் பார்த்துப் படிப்பவை, பிழை திருத்தம் கட்டாயம் வேண்டும்.

எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனால் தேடினால் மட்டும் கிடைக்கவில்லை என்பதுதான் கண்ணில் படாத வகை. ‘கௌசல்யா’ என்றும் ‘கெளசல்யா’ என்றும் எழுதினால் பல ஃபான்ட்களில் வித்தியாசமே தெரியாது, இரண்டாவதில் இருப்பது கொம்பும் ளகரமும். ‘ஶ்ரீ’ இரண்டு விதம்: ஒன்றில் ஸகரம், இன்னொன்றில் 2005-இல்தான் யூனிகோடில் சேர்ந்த ஶகரம். எகரத்துக்குப் பதில் தமிழ் இலக்கமான ஏழைப் (௭) போட்டிருப்பார்கள். ஒகரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வைக்கலாம். இந்தக் கடைசி ஒன்றைத்தான் யூனிகோடின் என்எஃப்சி சீராக்கம் சரிசெய்யும், அதைத் தரவு உள்ளே வரும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் போடுங்கள். மற்றவற்றுக்கு நீங்களே ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். கொம்புள்ள எழுத்தை அடுத்து வரும் ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லை என்றால் அதை ஔகாரக் குறியாக மாற்றலாம், ‘வெள்ளி’, ‘தெளிவு’ எல்லாம் தப்பித்துவிடும், ‘பெளர்ணமி’ சரியாகிவிடும். ஆனால் கதை, உரையாடல் உள்ள தரவில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள், ‘வெளங்காதவன்’ ‘வௌங்காதவன்’ ஆகிவிடுவான். பெயர்ப் பட்டியலுக்கு இது போதும். உரைநடைக்கு, மாற்றப்போகும் சொற்களை முதலில் தனியே எழுதவைத்து ஒரு தடவை கண்ணால் ஓட்டிவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.