ஓப்பன் சோர்ஸ் வானிலை மாடல் திட்டங்களில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பழைய தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் மெஷின் லேர்னிங் வானிலை மாடல் ஒன்றை இறக்கியதும் நம் ஊர்க்காரருக்கு முதலில் தோன்றுவது, இதைக் கஜாவில் ஓட்டிப் பார்த்தால் என்ன என்பதுதான். நியாயமான ஆசை. ஆனால் அந்த மாடல் 2022 வரையுள்ள தரவில் பயிற்சி பெற்றதாக இருந்தால், கஜாவை அது ஏற்கெனவே பார்த்துவிட்டது. விடைத்தாளைக் காட்டிவிட்டுத் தேர்வு வைப்பதற்குச் சமம். டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் என்ற வானிலை மாடல் 1979 முதல் 2017 வரையுள்ள தரவில் பயிற்சி பெற்று 2018இல் சோதிக்கப்பட்டது. அப்படிப்பட்ட மாடலுக்குத்தான் கஜா உண்மையான தேர்வு.

சொந்தமாகப் பயிற்சி கொடுக்கும்போதும் இதே தவறுதான் வேறு உருவில் வரும். படங்களைப் பிரிப்பதுபோல் வானிலைத் தரவைக் கலைத்துப்போட்டு, எண்பது சதவீதம் பயிற்சிக்கு, மீதி சோதனைக்கு என்று பிரிக்கிறார்கள். காலை ஆறு மணி வானமும் ஏழு மணி வானமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் விழுந்தால் மதிப்பெண் பிரமாதமாக வரும். அதில் ஒரு பொருளும் இருக்காது. ஆண்டுவாரியாகப் பிரியுங்கள்.

அடுத்தது, புது ஆர்க்கிடெக்சரோடு, அதாவது மாடலுக்குப் புது உள்கட்டமைப்போடு, வந்து இறங்குவது. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை மையம் பல நாட்டு வானிலைத் துறைகளோடு சேர்ந்து அனிமோய் என்ற ஓப்பன் சோர்ஸ் தொகுப்பை உருவாக்கிவருகிறது. அந்த மையம் 2025 பிப்ரவரி 25 முதல் அன்றாடக் கணிப்புக்கு ஓட்டும் ஏஐஎஃப்எஸ் மாடலுக்கும் இதுவே அடித்தளம். இதில் தரவுத் தயாரிப்பு, புள்ளிகளை இணைக்கும் வலையான கிராஃப், மாடல், பயிற்சி, கணிப்பு என்று தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. வருகிறவர்களின் கண் நேராக மாடல் பகுதிக்குப் போகிறது. என் அனுபவத்தில் கை தேவைப்படுவது தரவிலும் சரிபார்ப்பிலும்தான். மற்றவர்களின் கணிப்பைக் காப்பாற்றுகிற வேலையும் அங்கேதான் நடக்கிறது.

அந்தத் தரவு வேலையில் ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். ஈஆர்ஏ5 என்பது 1940 முதல் மணிவாரியாக இருக்கும் மறுபகுப்பாய்வுத் தரவு, அதாவது பழைய அளவீடுகளையும் வானிலை மாடலையும் சேர்த்து மறுபடி கட்டிய பதிவு. கிட்டத்தட்ட எல்லா மாடல்களும் பயிலும் பாடநூல். தமிழ்நாட்டை மட்டும் எடுக்கலாம் என்று பைத்தானில் இத்தகைய தரவைக் கையாளும் எக்ஸ்அரே நூலகத்தில் அட்சரேகை 8 முதல் 13.5 வரை என்று வெட்டினேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. வந்தது காலித் தரவு. காரணம், ஈஆர்ஏ5இல் அட்சரேகை வடதுருவத்தில் தொடங்கி 90, 89.75 என்று இறங்கிக்கொண்டே போகிறது. 13.5 முதல் 8 வரை என்று கேட்க வேண்டும். சில தரவுத் தொகுப்புகளில் இதற்கு நேர் எதிர். சரி, அதைத் தாண்டினால் அலகுகள்: வெப்பநிலை கெல்வினில், மழை மீட்டரில். 500 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்தில் 57,000 என்று ஓர் எண் நிற்கும். அது உயரம் அல்ல, உயரத்தைப் புவியீர்ப்பால் பெருக்கிய ஜியோபொடென்ஷியல். 9.80665ஆல் வகுத்தால்தான் மீட்டரில் உயரம் கிடைக்கும்.

முழுத் தரவையும் இறக்கப் பார்ப்பதும் வீண். கால் டிகிரிக் கட்டத்தில் உலகம் 721க்கு 1440 புள்ளிகள், அதாவது பத்து லட்சத்துக்கும் மேல். வெப்பநிலைபோல் ஒரே ஒரு மாறி, ஒரு மணி நேரத்துக்கு 4 எம்பி. ஓராண்டுக்கு 36 ஜிபி. கிளவுடில் ஜார் (Zarr) என்ற துண்டு துண்டாகச் சேமிக்கும் வடிவில் இருப்பதைத் தேவைக்கு மட்டும் படிக்கலாம்தான். ஆனால் அது எப்படித் துண்டு போடப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு துண்டு என்பது ஒரு மணி நேரத்து முழு உலகம் என்றால், சென்னை என்ற ஒரு புள்ளியின் பத்தாண்டு வெப்பநிலைக்கு முழு உலகத்தையும் 87,600 தடவை படிக்க நேரும். பழகுவதற்கு, மாடல்களை ஒப்பிட உதவும் வெதர்பெஞ்ச் 2 தரும் 64க்கு 32 கட்டமே போதும், ஜிபியு இல்லாமலேயே நிறைய செய்யலாம்.

அப்புறம் மதிப்பெண். 80 டிகிரி அட்சரேகையில் இருக்கும் ஒரு கட்டத்தின் பரப்பு நிலநடுக்கோட்டுக் கட்டத்தில் ஆறில் ஒரு பங்குதான். அட்சரேகையின் கோசைனால் எடை போடாமல் சராசரி எடுத்தால் துருவங்களின் குரல் ஓங்கிவிடும். ‘இன்று இருப்பதே நாளையும்’ என்ற கணிப்பையும் அந்தத் தேதியின் பல்லாண்டுச் சராசரியையும் உங்கள் மாடல் வெல்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் பிறகும் சராசரிப் பிழையை மட்டும் நம்ப வேண்டாம். புயலைச் சரியான வலுவோடு கணித்து, இடத்தில் மட்டும் நூறு கிலோமீட்டர் தவறினால் இரண்டு இடத்திலும் பிழை விழும்: இருக்க வேண்டிய இடத்தில் புயல் இல்லை, இல்லாத இடத்தில் இருக்கிறது. புயலை மங்கலாகப் பரப்பிவிட்ட மாடலுக்குத் தண்டனை குறைவு. அதனால்தான் இப்படிப் பயின்ற மாடல்கள் புயலின் பாதையை நன்றாகச் சொல்லிவிட்டு, காற்றின் வேகத்தைக் குறைத்துச் சொல்கின்றன. கரையோரத்தில் இருப்பவருக்கு வேகம்தானே முக்கியம்! சராசரியோடு நிற்காமல் அதிகபட்சக் காற்றையும் வரைந்து காட்டுங்கள்.

உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். நிரல் திறந்திருக்கிறது என்பதால் பயிற்சி பெற்ற எடைகளும் (மாடல் கற்றுக்கொண்ட எண்கள்) திறந்தவை என்று ஆகாது. ஹுவாவேயின் பாங்கு-வெதர் என்ற வானிலை மாடலின் எடைகளை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை.

கடைசியாக, ஒரே புல் ரிக்வெஸ்டில் (நிரல் மாற்றத்தை ஏற்கும்படி திட்டத்துக்கு அனுப்பும் கோரிக்கை) நாற்பது கோப்புகளை மாற்றி அனுப்பாதீர்கள். படித்துப் பார்ப்பவருக்கும் வேறு வேலை இருக்கிறது. அட்சரேகை எந்தத் திசையில் போகிறது என்று சோதித்து, தலைகீழாக இருந்தால் உரக்கப் பிழை சொல்லும் பத்து வரிச் சோதனை ஒன்றை எழுதி அனுப்புங்கள். எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, எந்த மாறி, என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று கூடவே நான்கு வரி எழுதினால், அன்றைக்கே பதில் சொல்ல அவர்களுக்கு வசதியாக இருக்கும்.