சுமை தெரியாத ரோபோ கைக்கு ஸ்லைடிங் மோட் கட்டுப்பாட்டை வடிவமைப்பது எப்படி?

1960களில் மாஸ்கோவில் எமெல்யானோவும் உட்கினும் வளர்த்தெடுத்த ஸ்லைடிங் மோட், இயக்கத்தை நாம் வகுத்த ஒரு பரப்புக்குத் தள்ளி அதன்மீதே வழுக்கிச் செல்ல வைக்கும் முறை. அதில் கட்டுப்பாட்டு விதி சில வரிகளுக்குள் அடங்கிவிடும். உழைப்பெல்லாம் நமக்குத் தெரியாதவற்றுக்கு எல்லை வகுப்பதில்தான் இருக்கிறது. செங்குத்துத் தளத்தில் சுழலும் ஒற்றை மூட்டு ரோபோ கையை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 0.5 மீட்டர், நுனியில் பிடிக்கும் சுமை 0 முதல் 2 கிலோ வரை எதுவாகவும் இருக்கலாம், வெறுங்கையின் நிலைமத் திருப்புத்திறன் 0.5 கிலோகிராம் சதுர மீட்டர்.

உண்மைக் கோணத்திலிருந்து விரும்பிய கோணத்தைக் கழித்தால் பிழை கிடைக்கும். அதை லாம்டா என்னும் மாறிலியால் பெருக்கி, பிழை மாறும் வேகத்துடன் கூட்டினால் வருவது பரப்பு மாறி. இதைச் சுழியத்தில் நிறுத்திவிட்டால் பிழை தானாகவே தேய்ந்து மறையும். லாம்டா பெரிதாக இருந்தால் விரைவாக மறையும் என்றாலும், 10 ஹெர்ட்ஸில் வளைந்து அதிரும் கைக்கு நொடிக்கு 20 என்பதே ஏறத்தாழ மேல்வரம்பு.

அடுத்து, சுமை 1 கிலோ என்று கொண்டு தேவையான முறுக்குவிசையைக் கணக்கிட்டு, அதிலிருந்து கெயின் என்னும் திருத்த முறுக்குவிசையின் அளவைப் பரப்பு மாறியின் குறியோடு (+1 அல்லது −1) பெருக்கிக் கழிக்க வேண்டும். சுமை 1 கிலோ கூடினாலோ குறைந்தாலோ ஈர்ப்பால் வரும் முறுக்குவிசை 4.9 நியூட்டன் மீட்டர் மாறும். நிலைமத் திருப்புத்திறன் 0.25 மாறுவதால், பிழையைத் திருத்தும் பகுதியும் சேர்ந்த முடுக்கம் நொடியின் வர்க்கத்துக்கு 4 ரேடியனுக்குள் இருக்கும் வரை, இன்னும் 1 சேரும், உராய்வுக்கு 0.6, பரப்பை உறுதியாக எட்டுவதற்கு 0.5 எனக் கூட்டினால் கெயின் 7. இக்கலக்கங்கள் யாவும் மோட்டாரின் முறுக்குவிசை செயல்படும் அதே மூட்டில் செயல்படுவதால்தான் கெயினால் அவற்றை வெல்ல முடிகிறது.

குறி மாறும்போதெல்லாம் முறுக்குவிசை தாவுவதால் கியர் படபடக்கும். ஆகவே பரப்பைச் சுற்றி ஓர் எல்லை அடுக்கு வகுத்து, அதற்குள் கழிக்கும் முறுக்குவிசை பரப்பு மாறிக்கு நேர்விகிதத்தில் மாறுமாறு செய்வது வழக்கம். அடுக்கின் தடிமனை விருப்பம்போல் குறைக்கக் கூடாது. குறைத்தால் அடுக்குக்குள் கட்டுப்பாட்டின் வேகம் கையின் அதிர்வெண்ணைத் தொட்டுவிடும். கெயினை லாம்டாவாலும் மிகச் சிறிய நிலைமத் திருப்புத்திறனாலும் வகுத்தால் வரும் 0.7 பாதுகாப்பானது. அதை லாம்டாவால் வகுத்தால் எஞ்சும் பிழையின் எல்லை 0.035 ரேடியன், அதாவது 2 டிகிரி.

இது போதாது என்றால் அடுக்கை நெரிப்பதைவிடச் சுமையை அளப்பதே நல்லது என்பேன். தூக்கும் கணத்தில் மோட்டார் மின்னோட்டத்திலிருந்து சுமையை 0.2 கிலோ துல்லியத்தில் கணித்து, 1 கிலோவுக்குப் பதில் அந்த மதிப்பையே கணக்கில் இட்டால், கெயின் 2.3 ஆகவும் பிழை எல்லை 0.012 ரேடியனாகவும் இறங்கும். கியரும் அமைதியாக ஓடும்.